தனி ஆரம்பித்ததும் டேப்பை நிறுத்தியவர்கள்

பழைய கச்சேரி டேப்புகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். ஆலாபனை முடிந்து, கிருதி முடிந்து, ஸ்வரம் உச்சத்துக்குப் போய், பாடகர் மிருதங்கத்துக்கு விட்டுக்கொடுக்கிற இடம். மிருதங்கக்காரர் முதல் நடையைத் தொடங்கியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். அடுத்த கணம் கடைசிக் கோர்வை கேட்கும். சில டேப்பில் அதுவும் கிடையாது, நேராகப் பல்லவியை எடுத்துவிடுவார்கள். நடுவில் இருந்த பத்துப் பதினைந்து நிமிஷத் தனி ஆவர்த்தனம் போயே போய்விட்டது.

பதிவு செய்தவர் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் கணக்கை அவர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். 1,200 அடி நீளமுள்ள ஏழு அங்குல ஸ்பூல் ஒன்றில், வினாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் பதிந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஒலி நன்றாக இருக்க வேண்டும் என்று ஏழரை அங்குல வேகத்தில் பதிந்தால் அதில் பாதிதான். கச்சேரியோ மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். டேப் வெளிநாட்டுச் சரக்கு. சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது வரும்போது சொல்லிவைத்து வாங்கியது. பாட்டுக்காகத்தான் வாங்கினோம், தனிக்கு எதற்கு டேப்பை வீணடிப்பது என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் நாம் இழந்தது பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தனிகளை, பாலக்காடு மணி ஐயரின் தனிகளை. பழனி 1962-இல் காலமாகிவிட்டார். அதற்குமுன் யார் எதைப் பதிவு செய்தார்களோ அவ்வளவுதான் நமக்கு. அவருடைய முழுத் தனி வெட்டுப்படாமல் ஒரு டேப்பில் வந்தால், சேகரிப்பவர்கள் ஒருவருக்கொருவர் ராத்திரியிலேயே போன் செய்துகொள்வோம்.

இதே கதை அமெரிக்காவில் தலைகீழாக நடந்திருக்கிறது. ஜாஸ் கேட்பவர்களுக்கு டீன் பெனடெட்டி என்ற பெயர் தெரியும். அவரே ஒரு சாக்ஸபோன்காரர். சார்லி பார்க்கரின் வாசிப்பில் அப்படி ஒரு பைத்தியம். 1947-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்புகளிலும் அடுத்த வருஷம் நியூயார்க்கிலும் பார்க்கர் பின்னாலேயே பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஆனால் பார்க்கர் வாசிக்கும்போது மட்டும்தான் கருவி ஓடும். மற்றவர்கள் முறை வந்ததும் நிறுத்திவிடுவார். அங்கேயும் சரக்கு தட்டுப்பாடுதான் காரணம். பெனடெட்டி 1957-இல் இறந்தார். அவர் பதிந்தவை எங்கே போயின என்று தெரியாமல், அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்று சந்தேகப்படுகிற நிலைக்கு விஷயம் போனது. கடைசியில் கண்டெடுக்கப்பட்டு 1990-இல் மொசைக் நிறுவனம் ஏழு குறுந்தட்டுகளாக வெளியிட்டது. கேட்டால் அதே ‘டக்’. அங்கே தனி வாசிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது, பாட்டு போய்விட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள் என்று என் ஜாஸ் நண்பர்களுக்கும் சொல்வேன், கர்நாடக சங்கீத நண்பர்களுக்கும் சொல்வேன்.

இந்த இரண்டு உலகமும் சென்னையில் ஒரு தடவை நேரிலேயே சந்தித்துக்கொண்டன. 1958-இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழுவை அமெரிக்க அரசு உலகச் சுற்றுப்பயணம் அனுப்பியது. சென்னை வந்தபோது அந்தக் குழுவின் டிரம்மர் ஜோ மொரெல்லோவும் நம் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து வாசித்தார்கள். அந்தப் பதிவு பிழைத்துவிட்டது. ஒலி சுமார்தான். ஆனால் புதுக்கோட்டை மரபில் வந்த ஓர் இடதுகை மிருதங்க மேதையும், அடுத்த வருஷமே ‘டைம் அவுட்’ இசைத்தட்டில் ஐந்தும் ஒன்பதுமாகத் தாளம் போடப்போகிற ஒரு டிரம்மரும் ஒருவர் கையை ஒருவர் கவனிப்பதை அதில் கேட்கலாம். இந்த ஊரில் எத்தனையோ பெரிய சந்திப்புகள் நடந்திருக்கின்றன. யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தியதால் இது நம்மிடம் இருக்கிறது. 1963-இல் டியூக் எலிங்டனின் குழுவும் சென்னையில் வாசித்தது. அந்தக் கச்சேரியின் டிக்கெட்டோ, நோட்டீஸோ, ஒரு போட்டோவோ யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வாங்க வேண்டாம், பார்த்தாலே போதும்.

சரி, தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கிறார்கள். சேர்ப்பதற்கு இந்தப் பக்கம்தான் நல்ல இடம் என்பேன். மாம்பலம், மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி கேட்டவர்களில் பெரும் கூட்டம் வாடகை கட்டுப்படியாகாமல் ரயில் பாதையோடு தெற்கே நகர்ந்து வந்தது. நங்கநல்லூர், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் என்று அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். ஏ.ஜி. ஆபீஸ், ரயில்வே, தபால் தந்தி, வங்கி என்று வேலை பார்த்தவர்கள். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டதால் கச்சேரி முடிந்து கடைசி வண்டியைப் பிடித்து வீடு திரும்பலாம். அந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே மங்களம் இல்லாமல் முடிகிற டேப்புகளும் என்னிடம் உண்டு. அந்த வீடுகளின் பரணில்தான் டேப் இருக்கிறது. இப்போது அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடியாகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில். பரணைக் காலி செய்ய வருகிற ஆளுக்கு ஸ்பூல் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் அடுத்த இடம் பல்லாவரம் சந்தை.

வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடுகிற அந்தச் சந்தையைத் தென்சென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செடி, மீன் தொட்டி, புறா, பழைய மரச்சாமான், ஓடாத மிக்ஸி, இரும்பு, மொபைல் சார்ஜர் எல்லாம் வெயிலில் பரப்பிக் கிடக்கும். அதற்கு நடுவே வால்வு ரேடியோ, கிராமபோன் குழாய், கேசட் மூட்டை. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். மனிதருக்காக இதைச் சொல்லவில்லை. தார் ரோட்டில் பதினொரு மணி வெயிலில் கிடக்கிற அரக்குத் தட்டு அப்படியே நெளிந்துவிடும், கேசட் உள்ளே டேப் சுருங்கிவிடும்.

அங்கே ஒரு கடைக்காரரிடம் வழக்கமாகக் கேட்பேன், “அண்ணே, பாட்டு டேப் ஏதாச்சும் வந்துச்சா?”

“பாட்டெல்லாம் தெரியாது சார். மிஷினு ஒண்ணு வந்துக்குது. வெயிட்டா கீது. ஓடுமா ஓடாதா கேக்காத. இந்தச் சக்கரமெல்லாம் அதோட வந்தது, மிஷினை எடுத்தா சேத்து எடுத்துக்கோ.”

அவர் சொன்ன சக்கரங்களுக்காகத்தான் அந்த மிஷினையே வாங்கினேன். பழைய கிரண்டிக் டேப் ரெக்கார்டர். அதோடு அட்டைப்பெட்டி போட்ட ஸ்பூல்கள். ஒன்றின் முதுகில் பென்சிலில் ‘மதுரை மணி – கல்யாணம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. யார் கல்யாணம்? எந்த ஊர்? எந்த வருஷம்? ஒன்றும் இல்லை. கல்யாணக் கச்சேரிகள் அற்புதமான சமாச்சாரம். சபாக் கட்டுப்பாடு இல்லை, நேரக் கணக்கு இல்லை. நாதஸ்வரமும் சாப்பாட்டுப் பந்திச் சத்தமும் பின்னால் கேட்கும். யாரோ ஒருவர் துக்கடா கேட்டுச் சீட்டு அனுப்புவார், பாடகர் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார். மதுரை மணி ஐயர் இறந்தது 1968-இல். மூன்று நிமிஷ இசைத்தட்டில் அவரை வைத்து மதிப்பிடவே முடியாது. அவருடைய ஸ்வரம் ஓடுவதற்கே அதைவிட நேரம் வேண்டும். இன்று நாம் ‘மதுரை மணி’ என்று எதைக் கொண்டாடுகிறோமோ அது பெரும்பாலும் ரசிகர்கள் தங்கள் கருவியில் தங்கள் காசில் பதிந்த கச்சேரிகள்தான்.

இந்த விஷயத்தில் என் கட்சி இதுதான். கிராமபோன் தட்டுகளைச் சேர்ப்பது பெரிய காரியம். வி.ஏ.கே. ரங்கா ராவ் போன்றவர்கள் வாழ்நாளையே கொடுத்துச் சேர்த்ததால்தான் வீணை தனம்மாள் இன்றைக்கும் நம் காதில் விழுகிறார். ஆனால் தட்டு என்பது கம்பெனி அச்சடித்து விற்றது. ஒன்று உடைந்தால் இன்னொன்று எங்கேயாவது இருக்கும். கச்சேரி டேப் அப்படி இல்லை. அது உலகத்திலேயே ஒன்றுதான். வானொலியிலும் அந்தக் காலத்தில் பெரும்பாலான கச்சேரி நேரடியாக ஒலிபரப்பாகிக் காற்றோடு போய்விடும். பதிந்ததையும் டேப் தேவைப்பட்டால் அழித்து அதன் மேலேயே மறுபடி பதிவார்கள். அப்படிப் போனவற்றில் சில, வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துப் பதிந்த யாரோ ஒரு குமாஸ்தாவின் புண்ணியத்தில் இன்று இருக்கின்றன.

குரோம்பேட்டையில் ஒரு வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அந்த வீட்டு மாமா போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. வீட்டை பில்டரிடம் கொடுக்கிறார்கள். பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த பெட்டிகளைக் காட்டி மாமி சொன்னார், “அவர் இருக்கறவரைக்கும் யாரையும் தொட விடமாட்டார். இனிமே இதைப் பார்த்துக்க யார் இருக்கா? எடுத்துண்டு போங்கோ. ஆனா ஒண்ணு, என் பொண்ணு குழந்தையா இருக்கச்சே பேசினது இதுல எங்கயோ இருக்கு. அதை மட்டும் தேடிக் குடுத்துடுங்கோ.”

டேப்புகளைவிட எனக்கு அங்கே கிடைத்த பெரிய சொத்து ஒரு நீள நோட்டு. கணக்குப்பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி சிவப்புத் துணி முதுகு போட்டது. ஒவ்வொரு ஸ்பூலுக்கும் ஒரு பக்கம். மேலே எண். அதன் கீழே தேதி, இடம், பாடியவர், வயலின், மிருதங்கம், கடம் அல்லது கஞ்சிரா. பிறகு பாட்டு வரிசை, ராகம், தாளம். ஓரத்தில் ‘மழை, கூட்டம் கம்மி’, ‘சாரீரம் சரியில்லை, ஆனால் பைரவி அபாரம்’, ‘மைக் தகராறு’ என்று குறிப்பு. எந்த வேகத்தில் பதிந்தார், எந்தப் பக்கம், எங்கே டேப் மாற்றினார் என்பதுகூட இருந்தது. ‘தனி விட்டுவிட்டேன்’ என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். அவருக்கே அது உறுத்தியிருக்கிறது.

குழந்தைக் குரல் கிடைத்தது. ஒரு கச்சேரி ஸ்பூலின் இரண்டாம் பக்கத்தில், மோகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அறுந்து, “சொல்லு, அப்பா பேரு என்ன சொல்லு” என்று மாமாவின் குரல். பிறகு ஒரு சிணுங்கல், ஒரு சிரிப்பு, ஒரு ஸ்லோகம் பாதி. அதற்குமேல் மறுபடி மோகனத்தின் வால். மாமிக்கு அதைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன். முழு ஸ்பூலையும் வெட்டாமல் அப்படியே இன்னொரு கோப்பாகவும் வைத்திருக்கிறேன். அது எப்படிப் பிழைத்ததோ அந்த வடிவத்திலேயே இருக்கட்டும்.

இனி கொஞ்சம் வேலை விவரம். டேப் கையில் கிடைத்ததும் மிஷினில் மாட்டி ஓட்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். தயவுசெய்து வேண்டாம். முதலில் ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சுற்றியிருக்கிற டேப் வழியாக வெளிச்சம் மங்கலாக ஊடுருவினால் அது அசிடேட். ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர். ஐம்பதுகளின் டேப் பெரும்பாலும் அசிடேட்தான். அது காய்ந்து நொறுங்கும், ஆனால் அறுந்தால் சுத்தமாக அறும், ஒட்டிவிடலாம். பாலியெஸ்டர் அறுவதற்குமுன் இழுபட்டு நீண்டுவிடும். நீண்ட இடத்தில் இருந்த சங்கீதம் திரும்பாது. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை மற்ற டேப்புகளிலிருந்து உடனே பிரித்து வைத்துவிட வேண்டும், அதை முதலில் டிஜிட்டலாக்கியும் விட வேண்டும். எழுபதுகள், எண்பதுகளின் சில டேப்புகளில் பூச்சைப் பிடித்திருக்கிற பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கிறீச்சிட்டுக்கொண்டு பழுப்புப் பொடியை ஹெட்டில் உதிர்த்துவிட்டு நிற்கும். அந்த வகையை ஐம்பத்து நான்கு டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கினால் கொஞ்ச நாளைக்கு ஓடும். அதற்குள் பதிந்துகொள்ள வேண்டும். அசிடேட்டுக்கு இந்த வைத்தியம் கூடவே கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு வெள்ளைப் பூஞ்சையும் வரும். அதை மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, வெளியில் வைத்து மெதுவாகத் துடைக்க வேண்டும்.

டிராக் விஷயமும் உண்டு. நாலு டிராக் மிஷினில் பதிந்ததை இரண்டு டிராக் மிஷினில் ஓட்டினால் பாட்டோடு கூடவே இன்னொரு பாட்டு பின்னோக்கி ஓடுவது கேட்கும். டேப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். கெடவில்லை, மிஷினைத்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று, பாட்டு எடுப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே அதே எடுப்பு மெலிசாகக் கேட்கும். பல வருஷம் சுற்றியே கிடந்ததில் அடுக்குக்கு அடுக்கு காந்தப் பதிவு ஒட்டிக்கொண்டதன் விளைவு அது. டேப்பை முழுக்க ஓட்டி, வால் வெளியே இருக்கிற நிலையில் வைத்தால் இது காதை அவ்வளவு உறுத்தாது.

வேகம்தான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. பேட்டரி ரெக்கார்டரில் பதிந்திருந்தால், பேட்டரி தீரத்தீர மோட்டார் மெதுவாகியிருக்கும். அதை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் கச்சேரி போகப்போகச் சுருதி ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டையில் ஆரம்பித்தவர் இரண்டு கட்டையை நெருங்கிக்கொண்டிருப்பார். தம்பூராவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சுருதியை அளந்து திருத்த வேண்டும். எம்.டி. ராமநாதன் டேப் என்றால் இதில் இன்னும் ஜாக்கிரதை. கலாக்ஷேத்திராவில் மாணவராக இருந்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த அந்த மகானின் சுருதி ஒரு கட்டைக்கும் கீழே. அவருடைய சங்கீதமே அந்தத் தாழ்ந்த சுருதியிலும் அசையாத விளம்ப காலத்திலும் இருக்கிறது. டேப் கொஞ்சம் வேகமாக ஓடினாலும் வேறு யாரோ பாடுகிற மாதிரி ஆகிவிடும். அப்படி வேகம் கூடிய எம்.டி.ஆர். பதிவுகள் வலையில் நிறையச் சுற்றுகின்றன. அவற்றைக் கேட்டுவிட்டு அவரை எடைபோடாதீர்கள்.

இரைச்சலை நீக்குகிற மென்பொருள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மூலப் பதிவில் அதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘ஸ்ஸ்’ என்ற அந்த இரைச்சலோடு சேர்ந்து தம்பூராவின் ஜீவாளியும் மிருதங்கத்து மீட்டுச்சொல்லின் கார்வையும் போய்விடும். பாடகர் கண்ணாடி ஜாடிக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஹெட்டின் சாய்வைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருத்தி, மிருதங்கத்தின் வலந்தலை பளிச்சென்று வருகிற இடத்தில் நிறுத்தி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் அப்படியே பதிந்து மூலமாக வைத்துவிடுங்கள். நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டுமானால் பிரதி எடுத்து அதில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

தேதி கண்டுபிடிப்பது தனிக் கலை. இங்கேதான் காகிதங்களின் அருமை தெரியும். சபா அழைப்பிதழ், டிசம்பர் சீசன் மலர், கோவில் உற்சவ நோட்டீஸ், ரேடியோ நிலையம் வெளியிட்ட ‘வானொலி’ இதழ், நாளிதழில் வந்த சபா விளம்பரம். இவற்றைச் சேர்ப்பவர்களை டேப் சேர்ப்பவர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. அது தப்பு. ‘வானொலி’ இதழில் நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். பாடுபவர், பக்கவாத்தியம், நேரம் எல்லாம் இருக்கும். டேப்பில் அறிவிப்பாளர் சொல்கிற ஒரே ஒரு வாக்கியத்தையும் இதழின் ஒரு வரியையும் பொருத்தினால் தேதி கிடைத்துவிடும். மிருதங்கம் பழனி என்று காது நிச்சயமாகச் சொன்னால் 1962-க்கு முன் என்று எல்லை கட்டிவிடலாம். ஆனால் இப்படி நோண்டித் துருவிக் கண்டுபிடிக்க வேண்டியதை, குரோம்பேட்டை மாமா ஒரு வரியில் எழுதி வைத்திருந்தார்.

அமெரிக்காவிலும் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று இப்படித்தான் நடந்தது. 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் தெலோனியஸ் மாங்க்கும் ஜான் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசித்ததை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பதிந்திருந்தது. அந்த டேப்புகள் காங்கிரஸ் நூலகத்தில் போய்ச் சேர்ந்து, ஏறக்குறைய ஐம்பது வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 2005-இல் அங்கே டேப்புகளை டிஜிட்டலாக்கிக்கொண்டிருந்த லாரி ஆப்பல்பாம் கவனித்திராவிட்டால் இன்னும் அங்கேயே கிடந்திருக்கும். இத்தனைக்கும் அது உலகத்தின் பெரிய நூலகம். பெட்டியில் பெயர் தெளிவாக இல்லாவிட்டால் அங்கேயே இந்தக் கதி என்றால், சேலையூர் பரணில் கிடக்கிற டேப்பின் கதியை யோசித்துப் பாருங்கள்.

சேகரிப்பவர்களிடம் ஒரு வியாதி உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. ‘இது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது’ என்ற போதை. ஒரு நல்ல தோடி கிடைத்தால் அதை யாருக்கும் கொடுக்காமல், நண்பர் வந்தால் ஐந்து நிமிஷம் போட்டுக்காட்டி நிறுத்திவிடுவது. கொடுத்தாலும் நடுவில் தன் பெயரைப் பேசிப் பதிந்து கொடுப்பது. பண்டமாற்றுக்கு மட்டும்தான் தருவேன் என்பது. அப்படி மூடி வைத்திருந்த சேகரங்கள் சொந்தக்காரர் போனதும் எடைக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரதி இல்லாத அபூர்வம் ஒரு தண்ணீர்க் குழாய் வெடிப்பில் போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்ததை இந்தப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து பேரிடம் பிரதி இருந்தால்தான் ஒரு கச்சேரி பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், சங்கீதப்ரியா என்ற இணையக் களஞ்சியத்தை நடத்துகிற தன்னார்வலர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒரு காசு வாங்காமல், கடைகளில் விற்பனையில் இல்லாத கச்சேரிப் பதிவுகளைத் தொகுத்து, ராகம், பக்கவாத்தியம் எல்லாம் போட்டு உலகத்துக்குத் திறந்து வைத்தார்கள். இன்று பாடுகிற இளைஞர்கள் பலர் அரியக்குடியையும் ஜி.என்.பி.யையும் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட பதிவுகளைக் கேட்டுத்தான். மியூசிக் அகாடமியில் உள்ள டிஜிட்டல் காப்பகத்தில் உட்கார்ந்து ஹெட்போன் போட்டுக் கேட்கலாம். காகிதங்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒரு தனிமனிதர் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், சிறு வெளியீடு என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தச் சேகரத்தின் மீது எழுந்ததுதான் 1994-இல் தொடங்கிய இந்த நூலகம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகப் போனால் ஒரு பஸ் தூரம்தான்.

உரிமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தாலும் மேடையில் பாடுபவருக்கு, வாசிப்பவருக்கு என்று தனி உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது. முதலில் 25 ஆண்டு, பிறகு 1999-இல் அதை 50 ஆக்கினார்கள். சட்டம் எப்படியிருந்தாலும், கலைஞரின் குடும்பம் இருந்தால் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்லிவிடுவது என் வழக்கம். பணத்துக்கு விற்பதில்லை. தாத்தாவின் குரலை அதுவரை கேட்டே இராத பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போட்டுக் காட்டிய மத்தியானங்களைவிடப் பெரிய சன்மானம் எனக்கு வேண்டாம்.

அதனால், நங்கநல்லூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை இந்தப் பக்கம் இருக்கிற உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த விடுமுறையில் பரணில் ஏறிப் பாருங்கள். ஸ்பூல், கேசட், கச்சேரி அழைப்பிதழ், பழைய சபா மலர் எதுவானாலும் சரி, எடைக்குப் போடாதீர்கள், வீட்டு மிஷினில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். நிமிர்த்தி, ஈரமில்லாத அலமாரியில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். எங்கே பதிந்தது, எப்போது, யார் வயலின், யார் மிருதங்கம். அவர்கள் சொல்வதைப் பென்சிலால் பெட்டியிலேயே எழுதிவிடுங்கள். பிறகு எனக்குச் சொல்லுங்கள். டேப் உங்களுடையதாகவே இருக்கட்டும், வந்து பதிந்து கொடுத்துவிட்டுப் போகிறேன். தனி ஆவர்த்தனம் முழுசாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக வருவேன்.